பழைய மீன்பிடி படகின் மூடிப்பலகைகளைப் புதுப்பித்தல்

தறியும் வயலும் நம்முடையவை. படகு மீனவர் சங்கத்தாருடையது. அதற்கும் நம் பத்திரிகைக்கும் என்ன தொடர்பு என்று அங்கத்தினர்கள் வினவக்கூடும். நாம் இங்கே எடுத்துக்கொண்டது முழுப் படகையன்று. படகின் மேல்தளத்திலுள்ள அறைகளை மூடும் பலகைகளையும், அவற்றின்மேல் ஒட்டப்படும் விரிப்பையும் பற்றியே கூறப் புகுகிறோம். ஒரு பலகை, ஒரு துணி, இரண்டையும் இணைக்கும் பசை ஆகிய இம்மூன்றும் நீருக்கும் வெயிலுக்கும் இடையே எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பது விரிப்பு நெய்பவருக்கும் மரம் வளர்ப்பவருக்கும் அயலான செய்தியன்று. பலகை இற்றுப்போவதற்கு விரிப்பே பெரும்பாலும் காரணமாகிறது. ஆனால் விரிப்போ பல ஆண்டுகள் கெடாமல் மேலே அழகாகக் கிடந்து, கீழே நடப்பதை மறைத்துவிடுகிறது. ஒரு நாள் அதன்மேல் நிற்பவரின் கால் உள்ளே இறங்கும்போதுதான் உண்மை வெளிப்படுகிறது.

இவ்வகைப் படகுகள் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு உரியவை. 'பாஸ்' என்னும் நன்னீர் மீனைத் தூண்டிலிட்டுப் பிடிப்பது அந்நாட்டில் பெரும் பொழுதுபோக்கு. 1933-இல் டென்னஸி பள்ளத்தாக்கு அதிகார சபை நிறுவப்பட்டதும், அதன்பின் தென் மாநிலங்களில் அணைகள் பல எழுந்ததும் பரந்த நீர்த்தேக்கங்களை உண்டாக்கின. அந்நீர்நிலைகளில் நின்றபடியே தூண்டில் வீசுவதற்கு ஏற்ற தட்டையான படகு தேவைப்பட்டது. 1948-இல் லூயிசியானா மாநிலத்து ஷ்ரீவ்போர்ட் நகரில் ஹோம்ஸ் தர்மண்ட் என்பவர் ஒட்டுப்பலகையால் அமைத்த 'ஸ்கீட்டர்' படகை இவ்வினத்தின் முன்னோடி என்பர். 1968-இல் ஆர்க்கன்சா மாநிலத்து ஃபிளிப்பின் என்னும் சிற்றூரில் ஃபாரஸ்ட் வுட் என்பவர் 'ரேஞ்சர்' படகுகளைக் கட்டத் தொடங்கினார். அதற்குள் கண்ணாடி நாரிழையால் வார்த்த உடற்பகுதி வழக்கத்திற்கு வந்துவிட்டது.

உடல் கண்ணாடி நாரிழையாகவோ அலுமினியமாகவோ மாறியபோதும், 1970களிலும் 1980களிலும் கட்டப்பட்ட படகுகள் பலவற்றில் மேல்தளமும் மூடிகளும் ஒட்டுப்பலகையாகவே இருந்தன. படகின் முன்புறமும் பின்புறமும் மேடைபோல் சமமாக இருக்கும். அம்மேடைக்குக் கீழே தூண்டிற்கோல் வைக்கும் நீண்ட அறை, உயிர்காக்கும் அங்கிகள் வைக்கும் அறை, மின்கல அடுக்கு வைக்கும் அறை, பிடித்த மீனை உயிருடன் வைத்திருக்கும் நீர்த்தொட்டி ஆகியவை உண்டு. ஒவ்வொன்றிற்கும் கீலிட்ட மூடி ஒன்று. தூண்டில் வீசுபவர் நாள் முழுதும் நிற்பதும் நடப்பதும் இம்மூடிகளின் மேலேதான். ஆகவே இவை வெறும் மூடிகளல்ல, படகின் தரையும் ஆகும். விரிப்பு ஒட்டுவதும் அலங்காரத்திற்காக மட்டுமன்று. ஈரத்தில் கால் வழுக்காது. உச்சி வெயிலில் பாதம் சுடாது. கையிலிருந்து ஒரு பொருள் தவறி விழுந்தாலும் ஓசை அடங்கிவிடும். நீருக்குள் ஒலி வெகுதூரம் செல்லுமாதலால் இந்த அடக்கம் தூண்டிற்காரருக்கு மிகவும் வேண்டியதொன்று.

இத்தகைய பழைய படகின் உடல் நல்ல நிலையில் இருக்க, மூடிகள் மட்டும் கெட்டுப்போவது சாதாரணமாகக் காணப்படுவதே. கண்ணாடி நாரிழை உடல் எளிதில் அழியாது; அழிக்கவும் வழி அரிது. சில பலகைகளுக்காக ஒரு படகையே கழித்துப் போடுவது பொருட்கேடு. பழுதுபார்ப்பதற்கு வேண்டிய கருவிகளோ எந்தத் தச்சுப் பட்டறையிலும் இருப்பவைதாம்.

மரம் இற்றுப்போவது எவ்வாறு

மரத்தை இற்றுப்போகச் செய்வது நீரன்று, பூஞ்சை. பூஞ்சைக்கு உணவு, காற்று, மிதமான வெப்பம், ஈரம் ஆகிய நான்கும் வேண்டும். உணவு மரமே. காற்றையும் வெப்பத்தையும் நம்மால் தடுக்க இயலாது. எஞ்சியுள்ள ஈரம் ஒன்றுதான் நம் கைக்கு அடங்குவது. மரத்தின் உலர்ந்த எடையில் 20 சதவிகிதத்துக்குக் குறைவாக ஈரம் இருக்கும்வரை பூஞ்சை வேரூன்றுவதில்லை. ஏறத்தாழ 30 சதவிகிதத்தைத் தாண்டி மரநாரின் சுவர்கள் நீரால் நிறைவுற்றபின் அது தடையின்றிப் பரவுகிறது. முற்றிலும் நீருள் மூழ்கிக் காற்றே புகாத மரம் நெடுங்காலம் நிலைப்பதும் இதனாலேயே. நனைவதும் முழுதும் உலராமல் இருப்பதும் மாறி மாறி நிகழும் இடமே மரத்திற்குப் பொல்லாத இடம். விரிப்புக்கு அடியிலுள்ள பலகையின் நிலை இதுதான்.

அப்பலகைக்குள் நீர் புகும் வழியைக் கவனிக்கவேண்டும். ஒட்டுப்பலகையின் அகன்ற முகத்தின் வழியே நீர் மெதுவாகவே இறங்கும். அறுத்த விளிம்பிலோ மரநார்களின் வாய்கள் திறந்து நிற்கின்றன. அங்கே நீர் பன்மடங்கு விரைவாக உறிஞ்சப்படுகிறது. கீலுக்கும் தாழ்ப்பாளுக்கும் இட்ட திருகாணித் துளைகள் ஒவ்வொன்றும் உள்ளே திறந்த விளிம்பேயாகும். விரிப்பை அடிப்புறம் மடித்து அடித்த கம்பி ஆணிகளும் அப்படியே. அவை துருப்பிடித்தபின் துளை இன்னும் விரிகிறது. எனவே ஒரு பழைய மூடியைத் திறந்து பார்த்தால் நடுப்பகுதி உறுதியாக இருக்க, கீலோரமும் முன் விளிம்பும் புட்டுப்போல் உதிர்வதைக் காணலாம். கரை பிய்ந்த புடவையை உடல் நன்றாயிருக்கிறது என்று சொல்லி விற்க முடியாதென்பதை நம் நெசவாளர் அறிவர். பலகைக்கும் அவ்வாறே. பழுதுபார்ப்பவர் உழைப்பின் பெரும்பகுதி, பின்னர் எவர் கண்ணிலும் படாத விளிம்புகளுக்கும் துளைகளுக்குமே செல்லவேண்டும்.

கழற்றுதலும் சோதித்தலும்

மூடிகளைக் கழற்றுமுன் ஒவ்வொன்றின் அடிப்புறத்திலும் எண் இட்டு, கீல் இருக்கும் பக்கத்தைக் குறித்துக்கொள்ளவேண்டும். ஒன்றுபோல் தோன்றும் இரண்டு மூடிகள் ஒருபோதும் சரியாக ஒன்றாயிருப்பதில்லை. இன்னொன்று: மூடி பொருந்தும் திறப்பின் நீள அகலங்களையும், நான்கு புறமும் விட்டிருந்த இடைவெளியையும் பழைய விரிப்பு இருக்கும்போதே அளந்து எழுதிவைப்பது நலம். விரிப்பை உரித்தபின் அளப்பவர்கள் புதிய மூடி இறுகிக்கொள்ளுமாறு செய்து வருந்துவர்.

விரிப்பை உரிப்பது எளிது. பலகையில் தங்கிவிடும் பழைய பசையை நீக்குவதே கடினம். சூட்டுக்காற்று ஊதும் கருவியால் இளக்கிப் பட்டித் தகட்டால் சுரண்டுவதும், பிறகு உப்புத்தாளால் தேய்ப்பதும் பொதுவான வழி. கரைப்பான்கள் சில பசையை விரைவில் நீக்குமெனினும் அவை எளிதில் தீப்பற்றுபவை. மூடிய கொட்டகையில் அவற்றை நாம் சிபாரிசு செய்யமாட்டோம். தேய்க்கும்போது எழும் தூளில் கண்ணாடி நாரும் கலந்திருக்கக்கூடும். வாய்க்கும் மூக்கிற்கும் உரிய முகமூடி இன்றி இவ்வேலையில் இறங்குதல் கூடாது.

இனி பலகையின் நிலையை அறிதல். சுத்தியின் பிடியால் தட்டிக்கொண்டே வந்தால் நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். இற்ற மரம் மந்தமாக ஒலிக்கும். ஐயமான இடத்தில் கூரிய குத்தூசியை அழுத்திப் பார்க்கலாம். இவற்றினும் நம்பகமானது தராசு. 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 18 மி.மீ. கனமுள்ள ஒட்டுப்பலகை உலர்ந்த நிலையில் ஏறத்தாழ 2½ கிலோ இருக்கும். அது 3½ கிலோ நிறுத்தால் அதனுள் ஒரு லிட்டர் நீர் இருக்கிறது. அதாவது உலர்ந்த எடையில் நூற்றுக்கு 40 பங்கு. கையால் தொட்டால் மேற்புறம் உலர்ந்ததாகவே தோன்றலாம். அதை நிழலில், காற்றோட்டத்தில், இரு கட்டைகளின்மேல் வைத்து நாள்தோறும் நிறுத்துவரவேண்டும். எடை மேலும் குறையாமல் நிலைபெற்ற பிறகே அதை உலர்ந்தது எனக் கொள்ளலாம். ரெசின் பூசுவதற்கு 12 சதவிகித அளவுக்கு ஈரம் தணிந்திருத்தல் வேண்டும். ஈரப்பலகையின்மேல் ரெசின் பூசுபவர் நீரை வெளியே நிறுத்துவதாக எண்ணி உள்ளே சிறைவைக்கிறார்.

உலர்ந்தபின் முடிவு செய்யவேண்டியது பழையதைத் திருத்துவதா, புதிதாக அறுப்பதா என்பதே. விளிம்பில் ஓரிடம் மட்டும் இற்றிருந்தால் நல்ல மரம் தென்படும்வரை அறுத்தெறிந்து, எபாக்சி ரெசினில் மரத்தூள் குழைத்து நிரப்பலாம். திருகாணித் துளை மட்டும் தளர்ந்திருந்தால், அத்துளையை இருமடங்கு அகலமாக்கி எபாக்சி நிரப்பி, இறுகியபின் அதன் நடுவே புதுத்துளை இடலாம். அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து விசிறிபோல் விரிந்த பலகையைத் திருத்த முயல்வது வீண் உழைப்பு. இற்ற மரத்துள் ஊறி அதைக் கல்லாக்கிவிடும் என்று சொல்லி விற்கப்படும் நீர்த்த ரெசின் வகைகள் உண்டு. சாளரச் சட்டம் போன்ற பாரம் தாங்காத மரத்திற்கு அவை உதவலாம். ஓர் ஆள் நிற்கவேண்டிய பலகையை அவற்றிடம் ஒப்படைக்க நாம் துணியமாட்டோம். இற்ற மூடியைப் புதிய மூடிக்கு அச்சாக வைத்துக்கொண்டு பிறகு அடுப்பிற்கு அனுப்பலாம் என்று எண்ணுதலும் தவறு. பசையும் ரெசினும் ஏறிய பலகையின் புகை நச்சுத்தன்மையுடையது.

புதிய பலகை

கனம் பழையதைப்போலவே இருக்கவேண்டும். பெரும்பாலும் 12 மி.மீ. அல்லது 18 மி.மீ. கூடினால் மூடி தளத்தைவிட உயர்ந்து கால் தடுக்கும், குறைந்தால் வளையும். ஒட்டுப்பலகை மெல்லிய மர ஏடுகளை நார் குறுக்கும் நெடுக்குமாக அமையும்படி ஒட்டியதாகும். மேலும் கீழும் உள்ள முகப்பு ஏடுகளின் நார் எத்திசையில் ஓடுகிறதோ அத்திசையிலேயே அது அதிக வலுவுடையது. மூடி எந்த இரண்டு விளிம்புகளில் தாங்கி நிற்கிறதோ, அவற்றுள் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு முகப்பு நார் ஓடும்படி அறுக்கவேண்டும். துணியில் பாவு எது ஊடை எது என்று பாராமல் வெட்டும் தையற்காரரைப்போல் பலகையில் மீதமிருக்கும் துண்டை எப்படியாவது திருப்பி அறுத்தால், அதே கனத்தில் மூடி தொய்யும்.

'மரைன்' என்று பெயர் பெற்ற ஒட்டுப்பலகையே இதற்கு உகந்தது. நம் நாட்டில் இந்திய தர நிர்ணய எண் 710 முத்திரையுள்ளது அவ்வகை. அதன் ஒட்டு 72 மணிநேரம் கொதிநீரில் வேகவைத்தும் பிரியாமல் நிற்கவேண்டும் என்பது விதி. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. இப்பெயர் பசையின் உறுதியையும், உள்ளேடுகளில் வெற்றிடம் இல்லாமையையும் குறிக்கிறது. அமெரிக்காவில் விற்கப்படும் மரைன் பலகைக்குப் பூஞ்சைத் தடுப்பு மருந்து ஏற்றப்பட்டிருப்பதில்லை. பசை விடாது, ஆனால் மரம் இற்றுப்போகும். அப்படியானால் மருந்து ஏற்றிய பலகையையே வாங்கலாமே எனின், அதிலும் ஓர் ஆபத்து உண்டு. ஆர்சனிக் கலந்த மருந்தை அமெரிக்காவில் வீட்டு உபயோக மரத்திற்குப் பயன்படுத்துவது 2003-ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்தப்பட்டது. பின்வந்த மருந்துகளில் செம்பின் பங்கு அதிகம். அத்தகைய பலகை ஈரத்தோடு அலுமினியத்தைத் தொட்டால் செம்பு அலுமினியத்தை அரித்துவிடும். அலுமினியப் படகில் இதை அறியாமல் வைத்துத் தளத்தைக் காக்கப் போய் உடலையே ஓட்டையாக்கிக்கொண்டவர்கள் உண்டு.

அளவைக் கணக்கிடும் முறை இது. திறப்பு 600 மி.மீ. நீளமும் 400 மி.மீ. அகலமும் என்று வைத்துக்கொள்வோம். விரிப்பு மூடியின் விளிம்பைச் சுற்றி மடிவதால் அதன் கனம் இருபுறமும் சேரும். விரிப்பும் பசையும் 4 மி.மீ., இடைவெளி 2 மி.மீ. எனில், ஒவ்வொரு புறமும் 6 மி.மீ. கழியவேண்டும். மூடி 588 மி.மீ. நீளமும் 388 மி.மீ. அகலமும் இருத்தல் வேண்டும். திறப்பின் வாயிலும் விரிப்பு மடித்து ஒட்டப்பட்டிருந்தால் அதற்கும் தனியே கழிக்கவேண்டும்.

அறுத்தபின் மேல் விளிம்பை 3 மி.மீ. அளவு உருட்டிவிடுதல் அவசியம். கூரிய விளிம்பின்மேல் மடியும் விரிப்பு அங்கேயே முதலில் தேய்ந்து கிழியும். துளைகள் எல்லாவற்றையும் ரெசின் பூசுமுன்பே இட்டு, மேலே கூறியபடி அகலமாக்கி எபாக்சி நிரப்பிவிடவேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் 1980களில் பரவிய ஒட்டுப்பலகை வள்ளங்களிலும் பலகைகள் சேரும் விளிம்புகளே கண்ணாடி நாரும் ரெசினும் கொண்டு மூடப்பட்டன என்பதை இங்கு நினைவுகூரலாம்.

ரெசினில் பாலியெஸ்டர், எபாக்சி என இருவகை வழக்கில் உண்டு. முன்னது மலிவு, ஆனால் மரத்தை அவ்வளவு இறுகப் பற்றாது. எபாக்சியையும் அதனோடு சேரும் ஹார்டனரையும் தயாரிப்பாளர் குறித்த விகிதத்தில், அளந்து, நன்கு கலக்கவேண்டும். விரைவில் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் அது ஒருபோதும் இறுகாமல் பிசுபிசுத்தே நிற்கும். ஆழமான குவளையில் நிறையக் கலந்து வைத்தால் தானே சூடேறிப் புகையும்; அகன்ற தட்டில் ஊற்றிக்கொள்ளுதல் நலம். கையுறை இன்றித் தொடலாகாது. சிலருக்கு ஒருமுறை தோல் ஒவ்வாமை வந்தால் வாழ்நாள் முழுதும் அது நீங்குவதில்லை. பலகையைச் சற்று வெயிலில் சூடேற்றி, நிழலுக்குக் கொணர்ந்து அது ஆறும்போது பூசினால், மரத்துளைகளில் சுருங்கும் காற்று ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். காலை நிழலில் பூசி வெயிலில் வைப்பவர்க்கு உள்ளிருக்கும் காற்று வெளிப்பட்டுக் கொப்புளமாகும். முகத்திற்கு இரண்டு பூச்சு போதும். விளிம்பிற்கு மூன்றோ நான்கோ வேண்டும். இறுகிய எபாக்சியின்மேல் மெழுகுபோன்ற படலம் தோன்றுவதுண்டு. அதை வெறும் நீரால் கழுவித் துடைத்து, உப்புத்தாள் இட்ட பிறகே அடுத்த பூச்சையோ பசையையோ இடவேண்டும். இதைச் செய்யாத காரணத்தால் உரிந்துபோன விரிப்புகள் அநேகம். பழி மட்டும் பசையின்மேல் போடப்படும்.

விரிப்பு

நம் நெசவாளர்க்கு உரிய பகுதி இது. படகு விரிப்புகளின் இழை பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன் ஆகும். 1954-இல் இத்தாலியில் ஜூலியோ நாட்டா இப்பொருளைப் படிக இயல்புடையதாக உருவாக்கினார். 1963-இல் கார்ல் ஸீக்லருடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நூலை எடைபோட்டு விற்பவர் ஈரப்பிடிப்புக் கணக்கை அறிவர். பருத்திக்கு அது 8½ சதவிகிதம், சணலுக்கு 13¾. பாலிப்ரோப்பிலீனுக்கு ஏறக்குறைய பூஜ்யம். அது நீரினும் இலேசானது, மிதக்கும். பூஞ்சைக்கு அது உணவாவதில்லை. சாயத்தொட்டியில் இட்டால் நிறம் ஏறாது. ஆகவே உருகிய நிலையிலேயே நிறத்தைக் கலந்து இழையாக இழுக்கிறார்கள். அதனால் சாயம் கழலுவதில்லை. ஆனால் வெயில் அதற்குப் பகை. வெயிலைத் தாங்கும் மருந்து சேர்க்காத இழை சில பருவங்களில் பொடியாகும். 165 டிகிரி அளவில் உருகியும் விடும். வீட்டினுள் விரிக்கும் மலிவான கம்பளத்தைப் படகில் ஒட்டுவது இக்காரணத்தால் பொருந்தாது. அவற்றுள் பலவற்றின் அடிப்பகுதி சணலால் ஆனதாகவும் இருக்கலாம். அது நீரைக் குடித்து இற்றுப்போகும்.

தென்னை பயிரிடும் அங்கத்தினர்கள் கயிற்றுநார் விரிப்பை ஏன் ஒட்டலாகாது என்று கேட்பது நியாயமே. தேங்காய் நாரில் 40 சதவிகிதத்துக்கும் மேல் லிக்னின் உள்ளது. மட்டையை மாதக்கணக்கில் காயலில் ஊறவைத்த பின்னும் நார் நிலைப்பது அதனாலேயே. சணலும் பருத்தியும் அழியும் இடத்தில் அது நெடுநாள் நிற்கும். ஆயினும் அது நீரைத் தன்னுள் ஏற்று மெல்லவே விடும்; அடியிலுள்ள பலகை என்றும் ஈரமாகவே இருக்கும். வாயிற்படியில் எடுத்துதற வல்ல மிதியடிக்கு அது இணையற்றது. ஒட்டி நிலைநிறுத்திய மூடிக்கு ஏற்றதன்று. தன் இழையில் நீர் ஏற்காத பாலிப்ரோப்பிலீனும் இழைகளுக்கிடையே நீரைத் தாங்கி நிற்கவே செய்கிறது. விரிப்பு அழியாது என்பதைக் கேட்டுப் பலகையும் அழியாது என்று கொள்வோர் ஏமாறுவது இவ்விடத்திலேயே.

அமெரிக்கக் கடைகளில் இவ்விரிப்பைச் சதுர கஜத்திற்கு இத்தனை அவுன்ஸ் என்று கூறி விற்பர். 16 அவுன்ஸ் என்பது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 540 கிராம். 20 அவுன்ஸ் என்பது 680 கிராம். தடித்தது உயர்ந்தது என்ற எண்ணத்தால் பழையதைவிடக் கனமானதை வாங்கினால் மூடிகள் மூடா.

வெட்டுமுன் இழை சாயும் திசையை உள்ளங்கையால் தடவி அறிந்து, எல்லாத் துண்டுகளின் அடிப்புறத்திலும் அம்புக்குறி இடவேண்டும். வெல்வெட்டுத் துணியைப்போல் இதுவும் ஒளியைத் திசைக்கேற்ப வேறாகக் காட்டும். ஒரே சுருளில் வெட்டிய இரண்டு மூடிகள் எதிரெதிராகத் திரும்பினால் இருவேறு நிறமாகத் தோன்றும். நான்கு புறமும் 75 மி.மீ. மிகுதி விட்டு வெட்டுதல் போதுமானது.

பசை நீரில் மீண்டும் கரையாத, வெளிப்புற உபயோகத்திற்குரிய விரிப்புப் பசையாக இருக்கவேண்டும். தச்சர் மேசைக்கு உதவும் சாதாரண வெள்ளைப் பசை ஈரத்தில் இளகும். இருபுறமும் பூசி, தொட்டால் ஒட்டாத நிலை வரும்வரை காத்திருந்து இணைக்கும் ரப்பர் பசையும் நன்று. ஆனால் வைத்தது வைத்ததுதான், நகர்த்த இயலாது. ஆகவே புதியவர் சற்று மெதுவாக இறுகும் வகையைக் கொள்ளுதல் நலம். பல் வெட்டிய தகட்டால் பசையைப் பலகை முழுதும் சமமாக இழுத்து, விரிப்பை நடுவிலிருந்து ஓரம் நோக்கி உருளையால் அழுத்திச் செல்லவேண்டும். காற்று தங்கிய இடம் பிறகு நீர் தங்கும் இடமாகும்.

மேல்முகம் பிடித்தபின் விளிம்புகளை மடிக்கலாம். மூலைகளே திறமையைக் காட்டும் இடம். மடிக்கும் இரு துண்டுகளும் மூலையில் சாய்வாகச் சந்திக்குமாறு முக்கோணமாக வெட்டி நீக்கவேண்டும். ஆனால் வெட்டு மூலையின் நுனிவரை செல்லாமல், பலகையின் கனமளவு முன்பாகவே நிற்கட்டும். இல்லாவிடில் மூலையில் மரம் வெளியே தெரியும். அடிப்புறத்தில் 50 மி.மீ. மடிப்பு இருந்தால் போதும். பலர் அடிப்புறம் முழுதும் விரிப்பு ஒட்டுகின்றனர். நாம் அதை ஏற்பதில்லை. அடிப்புறம் வெறுமையாக, வெளிர் வண்ணம் பூசப்பட்டு இருந்தால் பலகையில் ஈரக்கறை தோன்றும் நாளிலேயே கண்ணுக்குப் புலப்படும். பசை இறுகும்வரை ஒரு நாள் முழுதும் கட்டைகளை வைத்து இறுக்கிப் பிடித்திருந்தால் கம்பி ஆணிகளுக்கு அவசியமே நேராது. அடித்தே தீரவேண்டுமெனில் துருப்பிடிக்காத எஃகால் ஆனவற்றையே, பலகையைத் துளைத்துச் செல்லாத குட்டை அளவில், அடிக்கவேண்டும்.

கீலும் தாழ்ப்பாளும் பொருத்துமிடத்தில் ஓர் எச்சரிக்கை. விரிப்பின்மேல் துளைப்பானை வைத்தால் அதன் நுனியில் ஓர் இழை சிக்கி, கண் மூடித் திறப்பதற்குள் ஒரு முழ நீளத்திற்கு உருவி எடுத்துவிடும். பின்னலாடையில் ஓர் இழையைப் பிடித்து இழுத்தால் என்னவாகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஈயம் பற்றவைக்கும் சூடான ஊசியால் அவ்விடத்தைத் தொட்டால் இழைகள் உருகி வட்டத் துளையாகும். அதன் விளிம்பும் அடைபட்டு நிற்கும். அந்தத் துளை வழியே திருகாணியைச் செலுத்துமுன் நீர்த்தடைப் பிசினை அதன் மரைகளில் இடுதல் வேண்டும்.

மின்கல அறையின் மூடியைப் பற்றித் தனியே கூறவேண்டும். ஈய அமில மின்கலங்கள் மின்னேற்றம் பெறும்போது ஹைட்ரஜன் வாயுவை வெளியிடுகின்றன. காற்றில் அது 4 சதவிகிதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். பழைய மூடியின் இடுக்குகள் வழியே அவ்வாயு இதுவரை தப்பிப்போயிருக்கும். புதிய தடித்த விரிப்பால் நான்கு புறமும் இறுக அடைத்து, மழைநீர் புகாது என்று மகிழ்ந்தவர் அவ்வழியையும் அடைத்துவிட்டார். அறையின் காற்றுத்துளைகள் திறந்திருக்கின்றனவா என்று பாராமல் இம்மூடியைப் பூட்டுதல் கூடாது. பெட்ரோல் கலம் இருக்கும் அறைக்கும் இதுவே விதி. பெட்ரோல் ஆவி காற்றினும் கனமாதலால் தானே மேலெழுந்து வெளியேறாமல் அடியிலேயே தேங்கும்.

திறப்பைச் சுற்றி ஓடும் சிறு வாய்க்காலும் அதன் வடிகால் துளையும் உரித்த விரிப்பின் பஞ்சாலும் பசைத்துண்டுகளாலும் அடைபட்டிருக்கும். மூடியைப் பொருத்துமுன் ஒரு குவளை நீர் ஊற்றி, அது எங்கே வெளியேறுகிறது என்று பார்க்கவேண்டும். வெளியேறாவிட்டால் ஒரு கம்பியை விட்டுக் குத்தித் திறக்கலாம். நீரிலிருந்து கரையேறிய ஒவ்வொரு நாளும் மூடிகளைத் திறந்து முட்டுக்கொடுத்து, விரிப்பு உலரும்வரை விடுவது நல்லது. படகை நெடுநாள் நிறுத்திவைப்பதாயின் காற்றுப் புகாத உறையால் போர்த்தாமல், மூடிகளைக் கழற்றி, ஒன்றன்மேல் ஒன்று படாமல் கொட்டகைச் சுவரோரம் நிறுத்தி வைக்கலாம். மறுபருவத்தில் பொருத்துமுன் ஒவ்வொன்றையும் தராசில் வைத்து, அடிப்புறத்தில் முன்பு எழுதிய எடையோடு ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் பிடிக்கும்.